மௌலா: ஒரு சொல்லும் ஒரு குன்றும்

மல்காஜ்கிரியில் குடியிருப்போருக்கு 'மௌலாலி' என்பது பக்கத்து ஊர். ஒரு ரயில் நிலையத்தின் பெயர். பேச்சில் ஒட்டிப்போன அப்பெயரைப் பிரித்தால் 'மௌலா அலி' என்றாகும். இஸ்லாமிய வரலாற்றின் மிகப் பழைய கருத்து வேறுபாடு ஒன்று இந்த 'மௌலா' என்னும் சொல்லின் பொருளைச் சுற்றியே அமைந்துள்ளது.

அரபியில் இச்சொல்லின் வேர் வ-ல-ய. அதன் அடிப்படைப் பொருள் 'அருகில் இருத்தல்'. அருகிருப்பவன் நண்பன் ஆகலாம், காப்பவனும் ஆகலாம், தலைவனும் ஆகலாம். விடுவிக்கப்பட்ட அடிமையையும் அரபியர் 'மௌலா' என்றே அழைத்தனர். தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் மௌலவி, மௌலானா, வலி, அவுலியா ஆகியவையும் இவ்வேரிலிருந்து கிளைத்தவையே. நாகூர் ஷாஹுல் ஹமீது 'வலி' ஆனதும் இறைவனுக்கு நெருக்கமானவர் என்னும் பொருளில்தான்.

632இல், தம் இறுதி ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில், கதீர் கும் என்னுமிடத்தில் நபிகள், தம்மை மௌலாவாகக் கொள்வோருக்கு அலியும் மௌலா என்று அறிவித்தார். இச்செய்தியை இரு பிரிவினரின் நூல்களும் பதிவு செய்துள்ளன. சிக்கல் பொருள்கோளில் எழுந்தது. தமக்குப் பின் தலைமை ஏற்பவரை நபி அறிவித்தார் என்பது ஷியாக்களின் கொள்கை; அன்புக்கும் ஆதரவுக்கும் உரியவர் என்று சுட்டினார் என்பது சுன்னிகளின் விளக்கம். முன்னவர்க்கு அலி முதல் இமாம். பின்னவர்க்கு நேர்வழி நின்ற கலீஃபாக்களுள் நான்காமவர். ஓரிறை, நபித்துவம், குர்ஆன், தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ் ஆகியவை இருவருக்கும் பொது.

இனி, குன்றுக்கு வருவோம். 1578இல் கோல்கொண்டா அரண்மனைப் பணியாளர் யாகூத், குன்றின் மீது அலி அமர்ந்திருப்பதாகக் கனவு கண்டார் என்றும், விடிந்ததும் அங்கே சென்று பாறையில் கைத்தடம் ஒன்றைக் கண்டார் என்றும் மரபு கூறுகிறது. ஹைதராபாத் நகரம் உருவானது 1591இல். எனவே இந்த மரபு நகரத்தினும் மூத்தது. அன்று ஆண்ட குதுப் ஷாஹிகள் ஷியாக்கள். பின்னர் வந்த ஆசஃப் ஜாஹி நிஜாம்கள் சுன்னிகள். ஆயினும் ரஜப் மாத விழா நின்றுவிடவில்லை. 1824இல் மறைந்த உருதுக் கவிஞர் மஹ் லகா பாய் சந்தா, அலியின் மீது கொண்ட பக்தியால் இக்குன்றின் அடிவாரத்தையே தம் அடக்கத்தலமாகத் தேர்ந்தார். இன்றும் ஷியா, சுன்னி, இந்து எனப் பலரும் படியேறி வருகின்றனர்.

இதைப் பிணக்கே இல்லாத பொற்காலக் கதையாக வாசிப்பதும் பிழை. புனிதச் சின்னங்களிடம் வேண்டுதல் வைப்பதை ஏற்காத முஸ்லிம்கள் உண்டு. அவர்களும் மறைநூலையும் நபிவழியையும் முன்வைத்தே வாதிடுகின்றனர்.

இஸ்லாத்தை அறிமுகம் செய்யும் பாடநூல்கள் ஐந்து கடமைகள், இரண்டு பிரிவுகள் என்று பட்டியலிட்டு முடித்துவிடுகின்றன. பட்டியல் சரியே. ஆனால் அது மக்கள் அச்சமயத்தை வாழும் விதத்தைக் காட்டுவதில்லை. அகராதி தரும் பல பொருள்களுள் எது பொருந்தும் என்பதைச் சூழலே தீர்மானிக்கும் என்று மொழியியலில் முதலாண்டிலேயே கற்கிறோம். படியேறுவோருள் ஒருவருக்கு 'மௌலா' தலைவர்; மற்றொருவருக்கு அன்பர்; வேறொருவருக்குக் காவலர். மூவரும் அழைப்பது ஒரே சொல்லால். ஒரு சமயத்தை ஒற்றைப் பொருளில் அடைத்துப் பேசுமுன், இந்த ஒரு சொல்லையேனும் நாம் நினைவில் கொள்ளலாம்.