தாத்தாவும் ஸ்டார்-டெல்டாவும்

கலசப்பாக்கத்துல எங்க கிணத்து மோட்டாருக்கு கைப்பிடி ஸ்டார்ட்டர். தாத்தா முதல்ல ஸ்டார்ல போடுவார். மோட்டார் வேகம் பிடிச்சதும் டெல்டாவுக்கு மாத்துவார்.

1889-இல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி மூணு ஃபேஸ் மோட்டாரைச் செய்தார். 1891-இல் லாஃபனிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு 175 கி.மீ. மூணு ஃபேஸ் மின்சாரம் போனது. நம்ம பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் வந்தது.

ஸ்டார்ல ஒவ்வொரு காயிலுக்கும் 415 வோல்ட் போகாது, 240தான். லைன்ல இழுக்கிற கரண்ட் மூணுல ஒரு பங்கு. ஆனா இழுவையும் மூணுல ஒண்ணுதான்!

அது தெரியாம ஒருநாள் ஸ்டார்லயே விட்டுட்டு கிரிக்கெட் ஆடப் போயிட்டேன். காயில் கருகிப் போச்சு. 1990-இல் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசமாச்சு. காயில் கட்டுற கூலி இலவசமாகலையே! தாத்தா திட்டலை. பத்து நாள் தண்ணியில்லாம வாடின நெல்லைத்தான் பார்த்துட்டு நின்னார்.