காய்ச்சல் மனிதனுக்கு, சோதனை ஆட்டுக்கு

கொழும்பின் பால் நெடுங்காலம் கிருலப்பனைக்கு அடுத்த நாரஹேன்பிட்டத் தொழிற்சாலையில் பதப்படுத்தப்பட்டது. காய்ச்சல்காரரின் இரத்தத்தை ஆராய, 1900இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் பொரளையில் இருக்கிறது. மாட்டின் இரத்தம் மட்டும் பேராதனைப் பக்கம், கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகவேண்டும். விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லோசிஸ் நோயைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை பழைய தவறு ஒன்றின் தொடர்ச்சி என்றே எனக்குத் தோன்றுகிறது. மால்டாவில் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் மருத்துவர் டேவிட் புரூஸ் இந்நோயின் கிருமியைக் கண்டதை 1887இல் அறிவித்தார். அது உடலுக்குள் எப்படி வந்தது என்பது மேலும் 18 ஆண்டுகள் புரியவில்லை. கிருமிக் கரைசலை நோயாளியின் சீரம் திரளவைக்கிறதா என்று பார்க்கும் சோதனையை ஆல்மிரோத் ரைட் 1897இல் கொண்டுவந்தார். 1905இல் மால்டா மருத்துவர் தெமிஸ்தோக்லெஸ் ஸம்மித் அதையே ஆடுகளின் இரத்தத்தில் செய்தபோது, நோயின் அறிகுறியே இல்லாத ஆடுகளின் சீரமும் திரண்டது. வீட்டு வாசலில் கறந்து கொடுத்த பாலே காரணம் என்று தெரிந்தது. 1906இல் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட, அவர்களிடையே காய்ச்சல் சட்டென்று ஓய்ந்தது. தொடர்ந்து அதே பாலைக் குடித்த ஊர்மக்களுக்கு ஓயவில்லை. வேடிக்கை என்னவென்றால், ரைட்டின் அதே 1897இல் டென்மார்க்கில் பேங்க் என்ற ஆய்வாளர், பசுக்களின் கருச்சிதைவுக்குக் காரணமான கிருமியைக் கண்டிருந்தார். இரண்டும் நெருங்கிய உறவுள்ளவை என்று அமெரிக்கப் பால்துறை ஆய்வாளர் அலிஸ் எவன்ஸ் 1918இல் சொன்னார். அப்போதும் பலர் நம்பவில்லை.

இலங்கை மாடுகளில் இந்நோய் 1956இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. நாம்தான் பாலைக் காய்ச்சிக் குடிக்கிறோமே, பெரும்பாலும் பால்மாவாகவே வாங்குகிறோமே, மாட்டின் இரத்தத்தைத் தேடிப் போவானேன் என்று கேட்கலாம். காய்ச்சுவது குடிப்பவரைக் காக்கும், உண்மைதான். கன்று ஈனும் பசுவுக்குள் கைவிட்டு உதவுபவரையும், கருச்சிதைந்த கழிவை அள்ளுபவரையும் அது காக்காது. நகரத்தின் அடுப்பை வைத்துத் தொழுவத்தின் ஆபத்தை அளக்க முடியாது.

இதைவிட வலுவான ஆட்சேபம், சோதனையே நம்பத்தக்கதா என்பது. றோஸ் பெங்கால் சோதனையில் ஒரு துளி சீரத்தையும் ஒரு துளி சிவப்புச் சாயமேற்றிய கிருமிக் கரைசலையும் கலந்து நான்கு நிமிடம் ஆட்டுகிறார்கள். மணல்மணலாகத் திரண்டால் எதிர்ப்பொருள் உண்டு. மலிவு, விரைவு. ஆனால் எஸ்19 தடுப்பூசி போட்ட மாடும் திரளைக் காட்டலாம். யெர்சினியா என்ற வேறொரு கிருமியின் ஒரு வகையும் ஏமாற்றும். இந்தக் குறை மெய். கிருமியையே வளர்த்து உறுதிசெய்யலாம்தான். அதற்கு நாளாகும், ஆய்வுகூடப் பணியாளருக்கே தொற்றும் அபாயமும் உண்டு. எனவே முதற்சோதனையில் திரண்டதை வேறு முறைகளால் சரிபார்ப்பதே நடைமுறை. அந்த முடிவையும் படிப்பதற்கு, மாட்டுக்கு எந்த வயதில் ஊசி போட்டார்கள், மனிதர் எந்தத் தொழுவத்தில் வேலை செய்கிறார் என்பவை தெரியவேண்டும். முதல் கேள்விக்கான விடை கால்நடை வைத்தியரின் பதிவேட்டில் இருக்கும். இரண்டாவதைக் காய்ச்சல் வாட்டில் யாராவது கேட்டால்தான் உண்டு. பொரளைக்கு வரும் சோதனைக் குழாயோடு அந்த இரண்டு விடைகளும் வந்து சேராதவரை, திரண்ட சீரத்தை வைத்துக்கொண்டு ஆய்வுகூடம் பாதிக் கதையைத்தான் சொல்ல முடியும்.