கிறிஸ்துவே ஒரே வழி: தமிழ்நாட்டில் ஒரு நம்பிக்கையின் வரலாறு

கிறிஸ்துவே ஒரே வழி என்பது, மனிதர் கடவுளிடம் சேரவும் பாவத்திலிருந்து மீட்கப்படவும் இயேசு கிறிஸ்து ஒருவரே வழி என்னும் கிறிஸ்தவ நம்பிக்கை. யோவான் சுவிசேஷம் 14:6இல் இயேசு தம் சீடர் தோமாவின் கேள்விக்குத் தரும் மறுமொழியும், அப்போஸ்தலர் நடபடிகள் 4:12இல் பேதுரு எருசலேம் ஆலோசனைச் சங்கத்தின் முன் சொல்வதும் இதற்கு முதன்மையான வேத ஆதாரங்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட தோமாவே பிற்காலத்தில் மயிலாப்பூர் வந்து, அங்கேயே இரத்தசாட்சியாக உயிர்விட்டார் என்பது தமிழ்க் கிறிஸ்தவர்களின் மரபு.

கிறிஸ்து ஒருவரே வழி என்பது ஒரு கூற்று. கிறிஸ்துவின் திருச்சபைக்குள் வந்தால்தான் வழி உண்டு என்பது இன்னொன்று. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்று எழுதியபோது, சபையை விட்டுப் பிரிந்து போனவர்களே அவர் மனத்தில் இருந்தனர். 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம் அதை யூதருக்கும் பிற சமயத்தார் எல்லோருக்கும் நீட்டியது. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறிய குருமார் இரண்டு கூற்றுகளையும் ஒன்றாகவே கொண்டுவந்தனர். அவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்க்கும் முயற்சி தமிழ்நாட்டில் நடந்த அளவுக்கு ஆசியாவில் வேறெங்கும் அழுத்தமாக நடக்கவில்லை என்றே சொல்லலாம். ஜவ்வாது மலையை அடுத்த திருப்பத்தூருக்கு அந்த வரலாற்றில் தனி இடம் உண்டு.

மதுரையும் தரங்கம்பாடியும்

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி ஒன்றைக் கண்டார். போர்ச்சுக்கீசியரின் உடை, உணவு, குடி எல்லாம் சேர்ந்ததே கிறிஸ்தவ சமயம் என்று மதுரை மக்கள் நினைத்தனர். பரங்கியாக மாறாமல் கிறிஸ்தவனாக முடியாது என்றும் எண்ணினர். நொபிலி காவி உடுத்தார், சைவ உணவு உண்டார், வடமொழியும் தமிழும் கற்றார். பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்கள் அல்ல, சமூக வழக்கங்கள் என்று வாதாடினார். அவருடைய சபையினரே எதிர்த்தனர். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாக ஆணையிட்டார். கிறிஸ்துவைத் தவிர மீட்பர் இல்லை என்பதில் நொபிலி இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மீட்பருக்கும் ஐரோப்பியப் பழக்கத்துக்கும் இருந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்த்தார். ஆனால் அப்படி அவிழ்த்த கையே சாதி வேற்றுமையைச் சபைக்குள் கட்டிவைத்தது. அதன் விலையைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் கொடுத்துவருகிறார்கள்.

சீர்திருத்தச் சபை மரபில் முதல் குரல் பர்த்தலோமேயு சீகன்பால்குவுடையது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய அவர், தமிழர்களிடம் அவர்கள் வாழ்க்கை பற்றியும் நம்பிக்கை பற்றியும் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில்களைப் பெற்றார். அந்தக் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரிலிருந்து வெளிவந்தன. அவரவர் சமயத்தில் ஒழுக்கமாக வாழ்ந்தால் கரையேறலாம் என்ற கருத்தைத் தமிழர்கள் அவற்றில் நிதானமாக முன்வைக்கிறார்கள். ஒரே வழி என்னும் பேச்சுக்குத் தமிழரின் மறுமொழி அச்சேறியது அநேகமாக அப்போதுதான். 1713இல் தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதி சீகன்பால்கு ஹாலேக்கு அனுப்பினார். புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதைப் பரப்புவதா என்று அங்கிருந்த தலைவர் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். 1867இல்தான் அந்நூல் சென்னையில் வெளியாயிற்று.

கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவரின் வாதம் இன்னொரு முனையைக் காட்டுகிறது. அவர் ‘வேத விளக்கம்’ எழுதியது சைவருக்கோ வைணவருக்கோ எதிராக அல்ல, தரங்கம்பாடி லுத்தரன் சபையாருக்கு எதிராக. கிறிஸ்து ஒருவரே வழி என்பதில் இரு தரப்பும் ஒன்று. அந்த வழி எந்தச் சபையின் வாசலில் தொடங்குகிறது என்பதில்தான் சண்டை.

நாவலர், கிருஷ்ண பிள்ளை, சேரிகள்

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், பீற்றர் பார்சிவல் பாதிரியாருடன் வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அந்த உழைப்பில் பெற்ற வேதாகமப் பயிற்சியைக் கொண்டே 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதினார். கோயில், திருநீறு, சடங்கு என்று மிஷனெரிகள் எதையெல்லாம் பழித்தார்களோ அதற்கெல்லாம் இணையானவை பழைய ஏற்பாட்டிலேயே இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 

திருநெல்வேலி வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். பன்யனின் மோட்சப் பயணக் கதையை அடியொற்றி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிக’த்தைக் காப்பியமாகப் பாடினார். ஒரே இறைவனிடம் முழுச் சரணடைவது அவருக்குப் புதிய பாடம் அல்ல. திருமாலிடம் பழகிய பக்தியையே அவர் கிறிஸ்துவிடம் கொண்டுவந்தார். ஒரே வழி என்னும் கோட்பாடு அவர் பாட்டில் வழக்காக அல்லாமல் காதலாக ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் சேரிகளை விட்டுவிடுகிறார்கள். அது பெரும் பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாகச் சபையில் சேர்ந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒரே வழி என்பது தத்துவப் புதிர் அல்ல. ஊர்த் திருவிழாவுக்குப் பறையடிப்பதும், இழிவாகச் சுமத்தப்பட்ட மற்ற கோயில் கடமைகளும் பல தெய்வங்களின் பெயரால் அவர்கள் தலையில் ஏற்றப்பட்டவை. இனி எங்களுக்கு ஒரே ஆண்டவர் என்று சொன்னபோது அவர்கள் அந்தக் கடமைகளையும் மறுத்தார்கள். எல்லா வழியும் ஒன்றே என்னும் இனிய பேச்சு அவர்கள் காதில் வேறுமாதிரி விழுந்திருக்கும்.

தாம்பரம், 1938

1935இல் அம்பேத்கர் தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று இயோலாவில் அறிவித்தார். மதமாற்றம் நாட்டின் பெரிய விவாதமாயிற்று. எல்லாச் சமயங்களும் உண்மையானவை, குறையும் உள்ளவை; ஆகவே மதம் மாற்றத் தேவையில்லை என்று காந்தி வாதிட்டார். தோர்ணக்கல் ஆயராக இருந்த தமிழர் வி.எஸ். அசரியா, ஒடுக்கப்பட்டோர் சபைக்கு வரும் உரிமைக்காக நின்றார்.

இந்தச் சூழலில் உலக மிஷனெரிச் சங்கத்தின் மாநாடு 1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடியது. சீனாவின் ஹாங்சௌவில் நடப்பதாக இருந்தது; ஜப்பான் தொடுத்த போரால் இடம் மாறியது. கல்லூரியே பாரிமுனையிலிருந்து தாம்பரத்துக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஜான் மோட் தலைமையில் ஏறத்தாழ 470 பேர் கூடினர்.

மாநாட்டுக்கென்றே நெதர்லாந்து அறிஞர் ஹென்றிக் கிரேமர் ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். ஜாவாவில் இஸ்லாமியரிடையே பல்லாண்டு பணிசெய்தவர் அவர். கிறிஸ்துவில் கடவுள் தம்மை வெளிப்படுத்தியது மனித சமயங்கள் எதனோடும் தொடர்ச்சியாக வந்ததன்று என்பது அவர் வாதம். பிற சமயங்கள் படிப்படியாக ஏறிக் கிறிஸ்துவிடம் வந்து நிறைவடைகின்றன என்ற கருத்து அப்போது கல்லூரிகளில் செல்வாக்கோடு இருந்தது. முதல்வர் வில்லியம் மில்லர் காலத்திலிருந்து அது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் காற்றில் கலந்திருந்தது. கிரேமர் அதை உடைத்தார். நடைமுறைக் கிறிஸ்தவமும் கடவுளின் தீர்ப்புக்கு உட்பட்டதே என்றும் எழுதினார். அவரை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் இந்தப் பகுதியைச் சரியாக வாசிக்கவில்லை.

எதிர்வாதம் அந்த மண்ணிலேயே இருந்தது. கல்லூரியின் முதல்வராக இருந்த ஏ.ஜி. ஹாக், முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்து மாணவர்களுக்குத் தத்துவம் கற்பித்தவர். வேலூர் ஊரீஸ் கல்லூரியில் படித்துவிட்டு வந்த எஸ். இராதாகிருஷ்ணன் அவரிடம் பயின்றவர். ஒரு சமயத்தின் கோட்பாடு வேறு, அதற்குள் வாழும் மனிதர் கடவுள்மேல் வைக்கும் உயிருள்ள விசுவாசம் வேறு என்றார் ஹாக். அந்த விசுவாசத்துக்குக் கடவுள் பதில் தருவதைத் தாம் கண்டிருப்பதாகவும் சொன்னார்.

மாநாட்டுக்குச் சற்று முன் சென்னையில் வெளிவந்தது ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல்’ என்னும் ஆங்கிலத் தொகுப்பு. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா, வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவருமான வி. சக்கரை, ஜி.வி. ஜோப், டி.எம். தேவசகாயம், எட்டி ஆசீர்வாதம், ஏ.என். சுதரிசனம், திருப்பத்தூர் எஸ். யேசுதாசன் ஆகியோர் அதில் எழுதினர். கிறிஸ்து தனித்தவர் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. செஞ்சையாவுக்கு இயேசு மனிதகுல வரலாற்றில் அதுவரை இல்லாத ஒரு புதுப் படைப்பு. அப்படிப்பட்டவரை இந்தியன் சந்திக்க மேல்நாட்டுச் சபை அமைப்பும் கோட்பாட்டுச் சட்டகமும் எதற்கு என்பதே அவர் கேள்வி. கிரேமரும் செஞ்சையாவும் கிறிஸ்துவின் தனித்தன்மையில் ஒருவருக்கொருவர் நினைத்ததைவிட நெருக்கமாகவே நின்றார்கள். சபையைப் பற்றிய பேச்சு வந்ததும் வெகுதூரம் விலகினார்கள். அசரியா சபையையும் ஞானஸ்நானத்தையும் விட்டுக்கொடுக்கவே இல்லை. நீதிபதிக்குச் சபை ஒரு சட்டகம். சேரி மக்களுக்கு அதுதான் முதன்முதலாகக் கிடைத்த சொந்த வீடு. இந்தப் புள்ளியில் அசரியாவின் பக்கமே நியாயம் கூடுதல்.

திருப்பத்தூர் ஆசிரமம்

திருப்பத்தூர் ஜவ்வாது மலையை அடுத்த ஊர். மலைமேல் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் தெய்வங்களை வணங்கி வாழ்கிறார்கள். அருகிலுள்ள வாணியம்பாடி தோல் பதனிடும் தொழிலுக்கும் இஸ்லாமியக் கல்விக்கும் பேர்பெற்றது. மலைத்தொடரின் தென்புறம் திருவண்ணாமலை. 

இங்கே, திருப்பத்தூரில், 1921இல் மருத்துவர்கள் இருவர் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். ஒருவர் தமிழரான சவரிராயன் யேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். இந்தியச் சீர்திருத்தச் சபைகளில் எழுந்த முதல் ஆசிரமங்களுள் இது ஒன்று. இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினர், தரையில் அமர்ந்து உண்டனர், நோயாளிகளைப் பார்த்தனர். யேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் எல்லோரும் அழைத்தனர். வெள்ளைக்காரர் தலைவராகவும் இந்தியர் உதவியாளராகவும் இருந்த மிஷனெரி உலகில், அந்த இரண்டு அழைப்புகளே முறையைத் தலைகீழாக்கிவிட்டன. 1932இல் சென்னையில் கதர் உடையில் இருந்த பேட்டனைப் போலீஸார் தடியால் அடித்தார்கள். செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை போனது.

ஆசிரமத்தின் செபாலயம் கோபுரமும் மண்டபமும் கொண்டு திராவிடக் கோயில் கட்டடக் கலையில் எழுந்தது. உள்ளே பெஞ்சுகள் கிடையாது. தரையில் அமர்ந்தே வழிபாடு. நொபிலி தொடங்கிய வேலை, அவருடைய சாதிப் பிரிவினை இல்லாமல், இங்கே தொடர்ந்தது. தாங்கள் கிறிஸ்துவின் குலம் என்று ஆசிரமத்தின் பெயரிலேயே அறிவித்த இவர்கள், அந்த அறிக்கையை அண்டையவர் சமயத்தைப் பழிக்கும் உரிமையாகக் கொள்ளவில்லை. வாதத்தில் தீராத கேள்வியை வாழ்ந்து பார்த்த இடம் என்ற வகையில், தாம்பரத்துத் தீர்மானங்களைவிட இதற்குக் கனம் அதிகம் என்பது என் கருத்து.

யோவானை வாசித்த மூவர்

ஒரே வழி என்னும் வசனம் இடம்பெறும் யோவான் சுவிசேஷத்தையே தமிழ்நாட்டில் பலர் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். பாளையங்கோட்டையில் பிறந்து பின்னர் கோயம்புத்தூர் ஆயரான ஏ.ஜே. அப்பாசாமி, அதை நாயன்மார் ஆழ்வார் பக்தியோடு சேர்த்து வாசித்தார். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் அவர் நூல் 1927இல் வந்தது. ஞானத்தால் பிரம்மத்தோடு ஒன்றாவதல்ல, அன்பால் இறைவனில் நிலைத்திருப்பதே யோவான் காட்டும் மோட்சம் என்றார்.

ஆங்கிலேயரான லெஸ்லி நியூபிகின், காஞ்சிபுரத்தில் பணியாற்றியபோது, இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் அமர்ந்து ஒரு வாரம் உபநிடதமும் மறுவாரம் யோவானும் படித்தார். அங்கே சமய ஞானிகளின் படவரிசையில் இயேசுவின் படமும் இருந்தது; கிறிஸ்துமஸ் அன்று அதற்கு வழிபாடும் நடந்தது. மடத்தாருக்கு அது பெருந்தன்மை. நியூபிகினுக்கோ, இயேசுவை ஏற்றுக்கொண்டே அவர் விடுக்கும் அழைப்பைத் தவிர்த்துவிடும் ஏற்பாடாகப் பட்டது. மதுரை-இராமநாதபுரத்திலும் சென்னையிலும் ஆயராக இருந்து 1974இல் இங்கிலாந்து திரும்பிய பின், அங்குள்ள சமூகமும் அதையே செய்வதாகக் கண்டார். 1989இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலின் விதை காஞ்சிபுரத்தில் விழுந்தது.

பிரெஞ்சுத் துறவி ஆன்றி லெ சோ எதிர்த் திசையில் போனார். 1950இல் குளித்தலை அருகே சாந்திவனம் ஆசிரமத்தை ஜூல் மொன்ஷானின் அடிகளோடு நிறுவிய அவர், இரமண மகரிஷியைக் கண்டபின் அருணாசலக் குகைகளில் தங்கித் தியானித்தார். அத்வைத அனுபவத்தையும், கிறிஸ்து ஒருவரே என்னும் அறிக்கையையும் விடமுடியாமல் அவர் பட்ட வேதனை அவருடைய நாட்குறிப்புகளில் தெரிகிறது. 1973இல் இறக்கும்வரை திருப்பலி நிறைவேற்றுவதை நிறுத்தவில்லை.

பிற்கால நிலைப்பாடுகள்

யாழ்ப்பாண மெதடிஸ்ட் டி.டி. நைல்ஸ், சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த்தைச் சந்தித்ததைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பிற சமயங்கள் அவிசுவாசமே என்றாராம் பார்த். எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று நைல்ஸ் கேட்டார். ஒருவரையும் இல்லை என்று பதில் வந்தது. நைல்ஸ் 1970இல் வேலூரில் காலமானார். இலங்கைத் தமிழர் வெஸ்லி அரியராஜா உலகத் திருச்சபைகள் மன்றத்தின் உரையாடல் பணிக்குத் தலைமை ஏற்று, 1985இல் எழுதிய நூலில் கேள்வியை மீண்டும் வேதாகமத்திடமே கொண்டுபோனார்.

கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கையில், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருப்பதை மறுப்பதில்லை என்றது. 2000இல் வந்த ‘தோமினுஸ் இயேசுஸ்’, கிறிஸ்துவின் மீட்பு ஒன்றே என்பதை மீண்டும் கண்டிப்பாக வலியுறுத்தியது. உலகத் திருச்சபைகள் மன்றம் 1989இல் சான் அந்தோனியோவில் எடுத்த நிலைப்பாடு, கிறிஸ்துவைத் தவிர வேறு மீட்பின் வழியைத் தங்களால் காட்ட முடியாது; அதேவேளை கடவுளின் மீட்கும் வல்லமைக்கு எல்லை வகுக்கவும் முடியாது என்பதாகும். இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் பிடிப்பது கடினம். தாம்பரத்தில் ஹாக்கும் கிரேமரும் ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தவை அவை.

சட்டத்தின் களம் வேறு. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தருகிறது. அதில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004இல் அது திரும்பப் பெறப்பட்டது. பெந்தெகொஸ்தே சபைகள் இன்று ஒரே வழி என்பதை முன்னெப்போதையும்விட உரக்க அறிவிக்கின்றன. இறையியல் கல்லூரிகளில் செஞ்சையாவும் கிரேமரும் இன்னும் ஒரே வகுப்பில் பாடமாக இருக்கிறார்கள்.