எவரிடம் எண்ணெய் வாங்குவது? கல்முனைக் கரையோரத்திலிருந்து ஒரு நோக்கு

ஒரு பொருளை எவரிடம் வாங்குவது என்பது ஒரு வினா. அது எவ்வளவு கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது வேறு வினா. இலங்கையின் எரிபொருள் வரலாற்றில் இவ்விரண்டும் ஒன்றாகவே குழப்பிப் பேசப்பட்டு வந்துள்ளன. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய ஊர்களின் கரையிலே நின்று நோக்குமிடத்து இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படுகின்றது.

அறுபதுகளின் தொடக்கம் வரை ஷெல், எஸ்ஸோ, கல்ரெக்ஸ் என்னும் மூன்று அந்நியக் கம்பனிகளே நாடெங்கும் எண்ணெய் விற்றன. பெயர்ப்பலகைகள் மூன்றாயினும் அவை விலையை மிகையாக வைத்திருந்தன என்பதே அரசின் குற்றச்சாட்டு. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தைத் தோற்றுவித்தது. (அம்பாறை மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதும் அதே ஆண்டிலேதான்.) 1962இல் கம்பனிகளின் உடைமைகளில் ஒரு பகுதி சுவீகரிக்கப்பட்டது. நட்டஈடு குறித்த பிணக்கினால் 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. அரசு பின்வாங்கவில்லை, 1964 தொடக்கம் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையாயிற்று. நுகர்வோன் இழந்தது பெயரளவிலான தெரிவையே என்பது எனது கருத்து.

1979இல் குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கு உணவு முத்திரையோடு மண்ணெண்ணெய் முத்திரையும் வழங்கப்பட்டது. வறிய வீட்டிற்கு வேண்டியிருந்தது வாங்கும் வலுவேயன்றி விற்பவரின் எண்ணிக்கை அன்று என்பதை அரசே இதன்மூலம் ஒப்புக்கொண்டது எனலாம்.

2003இல் லங்கா ஐ.ஓ.சி. சந்தைக்குள் நுழைந்தமையால் மீண்டும் இரு விற்பனையாளர் உருவாகினர். ஆனால் 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது இருவரிடமும் வரிசையே மிஞ்சியது. அவ்வாண்டு யூனில், நுகர்வோர் ஒரு நிரப்பு நிலையத்தில் தம்மைப் பதிவுசெய்து வாராந்தப் பங்கைப் பெறும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அது நடைமுறையில் நிலைத்திருக்குமாயின் ஒவ்வொருவரும் ஒரே கடையோடு பிணைக்கப்பட்டிருப்பர். யூலையில் அதற்குப் பதிலாகக் கியூ.ஆர். குறியீட்டு அனுமதி வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். ஆயின் எந்த நிலையத்திலும் பெறலாம். பங்கு சுருங்கியபோதிலும் கடையைத் தெரியும் உரிமை பிழைத்தது. 2022 ஒக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டு, 2023இல் சீனாவின் சினோபெக் நிறுவனமும் அனுமதிப்பத்திரம் பெற்று விற்பனையைத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் பங்கீடும் நீங்கியது.

இத்தனை மாற்றங்களும் வாகன உரிமையாளரை முன்னிறுத்தியவை. கியூ.ஆர். முறை வாகன இலக்கத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தது. எமது கரையோரத்துச் சிறு படகின் எஞ்சினுக்கோ வாகன இலக்கமும் இல்லை. அது பெரும்பாலும் குடிப்பது பெற்றோலுமன்று, மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. 20 லீற்றரோடு கடலுக்குச் செல்பவர் முன்னர் 1,740 ரூபா கொடுத்தார்; பின்னர் 6,800 ரூபா. வலையில் மீன் படுமோ படாதோ, அத்தொகையைக் கரையிலேயே செலுத்தியாக வேண்டும். அவர் முன்னிருந்த தெரிவு எந்தக் கடைக்குச் செல்வது என்பதன்று. நாளை கடலுக்குச் செல்வதா, விடுவதா என்பதே.