கப்பலில் போவதா, ஊருக்குப் போவதா?

கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் நம்மவர் வீடுகளில் கோடை விடுமுறை நெருங்கும்போது ஒரு விவாதம் தவறாமல் எழுகிறது. பிள்ளைகள் வளர்ந்து தலையெடுத்து விட்டார்கள். தாய் தகப்பனின் இருபத்தைந்தாவது அல்லது நாற்பதாவது திருமண நாள் வருகிறது. 'இருவரும் ஒரு உல்லாசக் கப்பலில் போய் வாருங்கள்' என்று பிள்ளைகள் சீட்டை வாங்கி நீட்டுகிறார்கள். பெற்றோருக்கோ ஊருக்குப் போகவேண்டும். ஒருவருக்கு ஊர், மற்றவருக்குக் கப்பல் என்று பிரிந்து நிற்பதும் உண்டு. இதனை வெறும் குடும்பப் பேச்சு என்று தள்ளிவிட முடியாதபடி நமது கடலோரத்தின் வரலாறு குறுக்கே நிற்கிறது. மன்னார்க் கரையில், குறிப்பாக முள்ளிக்குளத்தில் நின்று பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

இன்பத்துக்காகவே கப்பலேறும் வழக்கம் உலகத்திலேயே மிகப் பழையதன்று. ஹம்பேர்க் நகரின் கப்பற் கம்பனியை நடத்திய அல்பேர்ட் பாலின், குளிர்காலத்தில் அத்திலாந்திக் பயணிகள் குறைந்து கப்பல்கள் வீணே கிடப்பதைக் கண்டு, 1891இல் 'ஒகுஸ்தா விக்டோரியா'வை மத்தியதரைக் கடலுக்கு உலாவாக அனுப்பினார். 1958க்குப் பின்னர் ஜெட் விமானங்கள் அத்திலாந்திக்கைச் சில மணி நேரத்தில் கடக்கத் தொடங்கியதும், பயணிகளை ஊர் சேர்த்த பெருங்கப்பல்களுக்கு வேலையற்றுப் போயிற்று. எங்கும் போய்ச் சேரவேண்டிய அவசரம் இல்லாத பயணத்தை விற்பது என்ற புதிய வணிகம் அந்த வெறுமையில்தான் செழித்தது. 1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'லவ் போட்' தொடர் அதனைத் தம்பதிகளின் கனவாக மாற்றியது.

எமது கரையில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதற்கு முன்பே உண்டு. சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் என்ற இந்த வரிசைக் கிராமங்களின் எதிரே கிடப்பவை முத்துச் சிப்பிப் பார்கள். இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்யவென அரிப்பில் ஒரு மாளிகையைக் கட்டினார். கிரேக்கத் தூண்களின் பாணியில் எழுந்த அந்த 'டொரிக்' மாளிகை இன்று இடிபாடு. கடல் அரித்த மேட்டின் விளிம்பில் அது துண்டு துண்டாக விழுந்துகொண்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்புக் காலத்தில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே முளைக்கும். தமிழகத்துச் சுழியோடிகளும் அரபுச் சுழியோடிகளும் வணிகருமாகப் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். சில வாரங்களில் எல்லாம் மறைந்துவிடும். அமெரிக்கப் பயணி பிரெடெரிக் பென்பீல்ட் அதனைக் கண்டு வியந்து, 1907இல் வெளியான தமது 'ஈஸ்ட் ஒஃப் சூயஸ்' நூலில் எழுதினார். ஆனால் 1906இல் அங்கு உத்தியோகம் பார்த்த லெனாட் வூல்ஃபுக்கு அது வேடிக்கையன்று; வெயிலும் அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈக்களும் நிறைந்த வேலைத்தலம். அதே ஆண்டில் ஒரு பிரித்தானியக் கம்பனி சிப்பிப் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பி பொய்த்தது. கம்பனி கலைந்தது. பாரிஸ் அரங்குகளில் 1863 முதல் மேடையேறும் பிசேயின் 'முத்துக் குளிப்போர்' இசைநாடகம் நடப்பதும் இலங்கைக் கடலோரத்தில்தான். அதில் அந்த நாற்றம் வீசாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனித் தம்பதிகளின் விடயத்துக்கு வருவோம்.

நமது பாட்டன் பாட்டிமாருக்குக் கப்பற் பயணம் என்றால் தலைமன்னார்ப் பயணந்தான். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக் கப்பற் சேவை ஆரம்பமாயிற்று. தென்னிந்திய ரயில்வே ஸ்கொத்லாந்தில் கட்டுவித்த 'கர்சன்', 'எல்ஜின்', 'ஹார்டிஞ்ச்' என்ற மூன்று கப்பல்கள், மூன்று வைசிராய்களின் பெயர்கள். சென்னை எழும்பூரில் ரயிலேறியவர் அதே ஒற்றைச் சீட்டோடு கடலையும் கடந்து, தலைமன்னாரில் மறுபடி புகையிரதமேறி, கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். 'போட் மெயில்' என்று மக்கள் அழைத்தது இதைத்தான். கடற்பகுதி ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர். இரண்டு மணி நேரம் போதும். வயிற்றைப் புரட்டுமுன் அக்கரை வந்துவிடும் என்று அந்தக் காலத்தவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அப்பயணத்துக்கு 'விடுமுறை' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. இராமேஸ்வரத்தில் தீர்த்தமாடவும் சிதம்பர தரிசனத்துக்கும் போனார்கள். மன்னார்க் கத்தோலிக்கர் வேளாங்கண்ணிக்கு நேர்த்தி வைத்துப் போனார்கள். பெண்ணுக்குக் கூறைச் சேலை எடுக்கவென்றும் போனார்கள். எடுத்த பின்னர் நாலு படம் பார்த்தார்கள். அதை வீட்டுக்கு வந்து சத்தமாகச் சொல்லவில்லை. புதுமணத் தம்பதியர் தனியே செல்ல வீட்டார் விடாத காலத்தில், 'தலயாத்திரை' என்ற சொல்தான் அவர்களுக்குக் கிடைத்த தேன்நிலவுச் சீட்டு. யாத்திரையா, உல்லாசமா என்று பிரிக்கவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. இந்தப் பிரிவினை நமது தலைமுறைக்குத்தான் வந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

அதே கப்பலின் கீழ்த்தளத்தில் வேறொரு கூட்டமும் இருந்தது. மண்டபம் முகாமில் தடுப்பு ஊசி போட்டு, சோதனை செய்து, பெயர் பதிந்து தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள். அவர்களுள்ளும் புதுமணத் தம்பதிகள் இருந்திருப்பார்கள். அவர்களது பயணத்தைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கையேடும் எழுதவில்லை.

1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியைத் துடைத்தெறிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைக் கடல் கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்களில் குடும்பத்தோடு அப்பக்கம் போயிருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் இராமேஸ்வரத்துக்குத் திரும்பியிருந்ததால் உயிர் தப்பினர் என்ற செய்தியைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழுலகம் அன்று அதிகம் அறிந்த தம்பதியர் அவர்கள்.

புயலின் பின்னர் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டது. 'இராமானுஜம்' என்ற அக்கப்பலின் பெயர் மலையகத்தில் இன்றும் கசப்போடு நினைக்கப்படுகிறது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, பிறந்த நாட்டை விட்டு அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னார்த் துறையில் அதிலேதான் ஏறினார்கள். ஒரு பக்கம் சேலை வாங்கப் போகும் தம்பதி, மறுபக்கம் குடும்ப அட்டையுடன் திரும்பி வராத பயணத்தில் இன்னொரு தம்பதி. கப்பல் ஒன்றே. எண்பதுகளின் நடுப்பகுதியில் இனப்போர் அச்சேவையையும் நிறுத்தியது. 1990இல் ரயிற் பாதையும் போயிற்று. தலைமன்னாருக்கு மறுபடி ரயில் ஓடியது 2015 மார்ச்சில்.

கப்பல் என்ற சொல்லுக்கு அதன்பின் வேறு பொருள் வந்துவிட்டது. மன்னாரிலிருந்து இரவில் படகேறி, மணற்றிட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, தண்ணீரின்றிக் கிடந்து தமிழகம் சேர்ந்தவர்கள் ஆயிரமாயிரம். 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தபோது, கஸ் டால்ற்றன் என்ற மீன்பிடிப் படகோட்டி கண்டு காப்பாற்றினார். 2010 ஓகஸ்டில் 'சன் சீ' கப்பல் 492 பேருடன் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தது. இத்தகைய நினைவுகள் உள்ள ஒரு சமூகத்தின் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குக் கரீபியன் உலாவுக்குச் சீட்டு வாங்கித் தரும்போது, சில பெற்றோர் அதனைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதன் காரணம் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை.

போருக்குப் பின்னர் கப்பல்கள் திரும்பி வந்த கதையும் விசித்திரமானது. 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புச் சேவையை ஆரம்பித்த 'ஸ்கோஷியா பிரின்ஸ்' முன்னர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும் இடையே உல்லாசப் பயணிகளை ஏற்றியது. சில மாதங்களிலேயே இங்கு நின்றுபோயிற்று. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்', அம்பாந்தோட்டை, திருகோணமலை என்று சுற்றி, 16ஆம் திகதி காங்கேசன்துறைக்கு வந்தது. நூற்றுக்கணக்கான உல்லாசப் பயணிகள் பேருந்துகளில் யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலைக்குள் கப்பலேறினர். பத்திரிகைக்காரனின் கெட்ட பழக்கம், நான் அக்கப்பலின் பிறப்பைத் தேடிப் பார்த்தேன். பிரான்ஸில் கட்டப்பட்டு 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் அது பயணிகளை ஏற்றத் தொடங்கியது 1990 கோடையில். அந்தக் கோடையிலேதான் காங்கேசன்துறையும் மயிலிட்டியும் உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் மரிச்சுக்கட்டி, சிலாவத்துறை முஸ்லிம்கள் உட்பட வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியரின் வழக்கு இங்கேதான் வருகிறது. கணவர் முள்ளிக்குளத்தவர். மனைவி மயிலிட்டி. இருவரும் கனடாவில் அறுபதைக் கடந்தவர்கள். மனைவிக்குக் காங்கேசன்துறைக்குப் போகும் உல்லாசக் கப்பலில் ஆசை. 'எங்கட கடலை மேலை நின்று ஒருமுறை பார்க்கவேணும், அண்ணை. சின்னனிலை கரையில் நின்றுதான் கப்பலைப் பார்த்தனான்' என்று தொலைபேசியில் சொன்னார். கணவருக்கு அது பிடிக்கவில்லை. 'எட்டு மணித்தியாலம் இறக்கிவிட்டு ஏத்துவான். அதுக்குள்ளை நான் முள்ளிக்குளம் போய் வரேலுமோ?' என்பது அவர் வாதம். என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள்.

கணவரின் கணக்கு பிழையன்று. கப்பலில் உணவு, படுக்கை, கேளிக்கை யாவும் கட்டணத்துள் அடங்கும், கிடைக்காதது நேரம். காங்கேசன்துறையிலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, மன்னார் வழியாகச் சிலாவத்துறை தாண்டிப் போவதென்றால் நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல். நாகபட்டினத்திலிருந்து 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, பருவமழையில் நின்று, 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை'யோடு மீண்ட பயணிகள் கப்பல் இன்னொரு வழி. அதில் ஆட்டம் பாட்டம் இல்லை. போய் இறங்கினால் உங்கள் விருப்பம் போல் தங்கலாம். போட் மெயிலுக்குப் பிறந்த பேரப்பிள்ளை என்று அதனைச் சொல்லலாம். நான் அதைத்தான் மனைவியாருக்குப் பரிந்துரைத்தேன்.

ஆயினும் கணவரின் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அவர் போக விரும்பும் ஊர் எது?

முசலிப் பிரிவில் வில்பத்துக் காட்டின் வடக்கே, கடலும் குளங்களும் வயலும் ஒருங்கே அமைந்த கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம் முள்ளிக்குளம். 2007 செப்டெம்பரில் இராணுவ நடவடிக்கையின்போது மக்கள் வெளியேற்றப்பட்டனர். சில நாட்களில் திரும்பலாம் என்று நம்பி உடுத்த உடையோடு போனார்கள். போர் 2009இல் முடிந்தது. ஊரில் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்துவிட்டது. 2012இல் மக்கள் அருகிலிருந்த மலங்காட்டில் மரங்களின் கீழ்க் கொட்டில் போட்டுக் குடியேறினர். 2017 மார்ச் 23இல் ஊர் வாயிலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். ஏப்ரல் இறுதியில் நூறு ஏக்கர் விடுவிக்கப்படும் என்று கடற்படை அறிவித்தது. முழு ஊரும் அதனால் மீளவில்லை. அதே மார்ச்சில் அயலிலுள்ள மரிச்சுக்கட்டி முஸ்லிம்கள், தமது காணிகள் மாவில்லுப் பேணற்காட்டுக்குள் வர்த்தமானியால் அடக்கப்பட்டதை எதிர்த்துப் போராட்டத்தில் குந்தியிருந்தார்கள். முப்பது ஆண்டுத் துயரம் இரு சமூகத்தையும் அடுத்தடுத்த கொட்டகைகளில் இருத்திற்று என்பதை நமது பத்திரிகைகள் உரிய அளவு எழுதவில்லை.

ஆகவே முள்ளிக்குளத்தார் ஒருவர் 'விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன்' என்று சொல்வது மற்றவர்கள் சொல்வதைப் போன்றதன்று. மாதா கோயிலில் பூசை காணலாம். பிறந்த வீட்டு வளவில் பாய் விரித்துப் படுக்கமுடியாது. வில்பத்துவில் சிறுத்தை பார்க்க வரும் வெளிநாட்டுத் தம்பதிக்குக் காட்டோரத்தில் விடுதி உண்டு. கற்பிட்டியில் டொல்பின் பார்க்கப் படகு உண்டு. காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் 'தல்செவன' விடுதியில் காசு கொடுத்தால் கடலைப் பார்த்தபடி அறை கிடைத்தது, சுற்றியிருந்த காணிகளின் உரிமையாளர் முகாம்களில் இருந்த காலத்திலும். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலை 3இல்தான் விடுவிக்கப்பட்டது. அந்த அம்மையாரின் தகப்பனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

இதையெல்லாம் நான் கணவரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. 'நான் விடுதி தேடி வாறதில்லை. எங்கட குளத்தைப் பார்க்கவேணும், செத்த ஆக்களின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தவேணும். இரவுக்கு முருங்கனிலை ஆரும் சொந்தக்காரர் வீட்டிலை கிடப்பன்' என்றார். மனைவி பக்கத்திலிருந்து, 'அப்ப என்ரை கடல்?' என்று கேட்டது கேட்டது.

கடைசியில் பிள்ளைகள் வாங்கிய கரீபியன் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பகுதிப் பணம் நட்டம். மடு மாதாவின் ஓகஸ்ட் 15 திருவிழாவை ஒட்டி வருகிறார்கள். சென்னையில் இறங்கி, நாகபட்டினத்தில் கப்பலேறி, காங்கேசன்துறையில் இறங்கி, மயிலிட்டியில் இரண்டு நாள். பின்னர் வான் பிடித்து மன்னார். ஓகஸ்டில் தென்மேற்குக் காற்றில் அலை இருக்கும் என்பதால் கப்பல் புறப்படும் நாளை முன்கூட்டியே விசாரிக்கும்படியும், கையில் இரண்டு நாள் மிச்சம் வைத்துக்கொள்ளும்படியும் எழுதியிருக்கிறேன். தேசிய அடையாள அட்டை இல்லாதவர்கள் கடவுச்சீட்டை வாகனத்தில் விட்டுவிடாமல் கையிலேயே வைத்திருக்கவேண்டும். முள்ளிக்குளம் போகும் பாதையில் நிழல் குறைவு. குடிதண்ணீர் சிலாவத்துறையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.