பெரெனிக்கே அரசி: மணங்களும் சான்றுகளும்

தமிழ் விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் ‘பெர்னீக்கேயாள்’ எனக் குறிக்கப்படுபவர், யூத அரசர் முதலாம் அகிரிப்பாவின் மகள். மகா ஏரோதின் கொள்ளுப்பேத்தி. கி.பி. 28 அளவில் பிறந்தவர். பவுலின் விசாரணையில் அண்ணன் இரண்டாம் அகிரிப்பாவுடன் அமர்ந்திருந்தார் என்பதற்கு மேல் அந்நூல் அவரைப் பற்றி அதிகம் கூறவில்லை. வரலாற்றாசிரியர்களோ அவருடைய மணங்களைப் பற்றியே மிகுதியும் பேசினர்.

முதற்கணவர் மார்க்குஸ், அலெக்சாந்திரியாவின் பெருஞ்செல்வர் மகன். மெய்யியலறிஞர் பிலோவின் உடன்பிறந்தார் புதல்வர். எகிப்தின் கோப்டோசில் கிடைத்த நிக்கானோர் ஓட்டெழுத்துகளில் செங்கடல் துறைமுகங்களோடு தொடர்புடைய வணிகராகக் காணப்படும் மார்க்குஸ் யூலியுஸ் அலெக்சாந்தர் இவரே என்பது அறிஞர் பலரின் கருத்து. மியோஸ் ஹோர்மோஸ், பெரெனிக்கே என்னும் அத்துறைமுகங்கள் இரண்டிலும் தமிழ்-பிராமி பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளமை தமிழாய்வாளர் அறிந்ததே. (துறைமுகத்தின் பெயர் தாலமி மரபின் அரசியொருவரால் வந்தது, நம் அரசிக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

மார்க்குஸ் விரைவில் மறைந்தார். அடுத்து, தந்தையின் உடன்பிறந்தாரான கால்கிஸ் அரசர் ஏரோதுக்கு மணமாகி இரு மைந்தரைப் பெற்றார். கி.பி. 48இல் அவரும் இறந்தார். பின்னர் அண்ணனுடன் வாழ்ந்தபோது எழுந்த பழிச்சொல்லைப் போக்கவே கிலிக்கியாவின் அரசர் பொலேமோனை மணந்தார் என்கிறார் யோசேபஸ். அம்மணமும் நிலைக்கவில்லை.

இங்கு யோசேபஸின் இரு நூல்களை ஒப்பிடுதல் வேண்டும். கி.பி. 70களில் எழுதிய ‘யூதப் போர்’ நூலில் அப்பழிச்சொல் இல்லை. மாறாக, கி.பி. 66இல் எருசலேமில் நோன்பிருந்த பெரெனிக்கே, மக்களைக் கொல்வதை நிறுத்துமாறு ஆளுநர் புளோரஸின் முன் வெறுங்காலுடன் நின்று மன்றாடிய காட்சி உள்ளது. படைவீரர் அவரையே கொல்ல முற்பட்டனர். அந்நூல் உருவான காலத்தில் அவர் இளவரசர் தீத்துவின் அன்புக்குரியவர், கி.பி. 75இல் உரோமுக்கு வந்து அவருடன் வாழ்ந்தவர். உரோமரின் வெறுப்பு அவரை வெளியேற்றியது, கி.பி. 79இல் பேரரசரான தீத்து மனமின்றியே அவரை அனுப்பினார். பழிச்சொல் இடம்பெறும் ‘யூதத் தொன்மைகள்’ நிறைவுற்றது கி.பி. 93-94இல், தீத்து இறந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அஞ்ச வேண்டியவர் எவருமில்லாத காலத்தில் எழுதப்பட்ட அவ்வரியை நடுநிலைச் சான்றாகக் கொள்வதற்கில்லை.

பிற்காலத்தார் தீத்துவின் காதலியையே நினைவிற்கொண்டனர். ரசீனின் 1670ஆம் ஆண்டு நாடகம் அதற்குச் சான்று. ஆனால் அரசியே தலைமை வகித்த மன்றில் அவருக்காக வாதாடியதாகக் குவிந்திலியன் என்னும் சொற்கலை ஆசிரியர் குறித்துள்ளார். ஏதென்சுக் கல்வெட்டொன்று அவரைப் ‘பேரரசி’ என்றும், அகிரிப்பாவின் மகள் என்றும், அந்நகருக்கு நன்மை செய்த மன்னர்களின் வழித்தோன்றல் என்றும் போற்றுகிறது. கணவர் எவர் பெயரும் அதில் இல்லை.