பாந்தியன் சாலையில் ஒரு முகலாய வாயில்

திண்டுக்கல் வாசிகளுக்குக் குவிமாடமும் கூர்வளைவும் புதியவை அல்ல. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியுள்ள பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசலை அவர்கள் நாளும் கண்டு பழகியவர்கள். அவ்வூரார் ஒருவர் சென்னை எழும்பூரில் இறங்கிப் பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியக வளாகத்தில் நுழைந்தால், இளஞ்சிவப்பு மணற்கல்லில் எழுந்து நிற்கும் மாளிகையொன்று அவரைத் தடுத்து நிறுத்தும். “இது எந்த நவாப் கட்டியது?” என்று கேட்கத் தோன்றும். எந்த நவாபும் கட்டவில்லை. ஆங்கில அரசே கட்டியது என்பதுதான் விடை. அவ்விடைக்குப் பின்னே நம் கவனத்துக்குரிய வரலாறு ஒன்று உண்டு.

அருங்காட்சியகத்தின் தோற்றம் எளியது. சென்னை இலக்கியச் சங்கம் சேகரித்து வைத்திருந்த 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொண்டு 1851ஆம் ஆண்டில் கல்லூரிச் சாலையில் அது தொடங்கப்பெற்றது. மருத்துவர் எட்வர்ட் பால்ஃபோர் அதன் முதல் பொறுப்பாளர். இடம் போதாமையால் 1854ஆம் ஆண்டின் இறுதியில், ஆங்கிலேயர் விருந்துக்கும் நடனத்துக்கும் பயன்படுத்தி வந்த ‘பாந்தியன்’ என்னும் பழைய மாளிகைக்கு அது பெயர்ந்தது. சாலையின் பெயருக்கும் அம்மாளிகையே காரணம்.

அருங்காட்சியகத்தின் தொடக்க காலத்தில் கர்நாடக நவாபுக்கும் ஒரு பங்குண்டு. பால்ஃபோரின் வேண்டுகோளை ஏற்றுத் தம்மிடமிருந்த விலங்குகளை நவாப் குலாம் முஹம்மது கவுஸ் கான் வழங்கினார். சென்னை விலங்குக் காட்சிசாலை அவ்வாறே உருப்பெற்றது. நவாப் 1855இல் வாரிசின்றி மறைந்தார். கும்பினியார் நவாப் பதவியை ஒழித்தனர். அடுத்த சில ஆண்டுகளில் சேப்பாக்கம் அரண்மனையும் அரசின் கைக்குப் போயிற்று.

அரசைப் பறித்தவர்கள் அதன் கலையை மட்டும் விட்டுவிட மனமின்றி எடுத்துக்கொண்டனர். குவிமாடம், மினார், கூர்வளைவு, கல்லில் குடைந்த சாளரம் ஆகியவற்றை ஐரோப்பியக் கட்டடத் திட்டத்தோடு இணைத்து, அதற்கு ‘இந்தோ-சாரசெனிக்’ பாணி என்று பெயரிட்டனர். ராபர்ட் சிஷோம் வடிவமைத்த செனட் மாளிகையும், ஹென்றி இர்வின் பங்கேற்று 1892இல் நிறைவுற்ற உயர்நீதிமன்றமும் இப்பாணியின் சான்றுகள். புதிய ஆட்சி, பழைய ஆட்சியின் இயல்பான தொடர்ச்சியே என்று மக்களுக்கு உணர்த்துவது இதன் அரசியல்.

1901இல் விக்டோரியா மகாராணி மறைந்தபின், அவர் நினைவாக அருங்காட்சியக வளாகத்தில் ஒரு மண்டபம் எழுப்பத் தீர்மானித்தனர். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1906 சனவரியில் அடிக்கல் நாட்டினார். இர்வின் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். 1909 மார்ச்சில் ஆளுநர் ஆர்தர் லாலி திறந்து வைத்தார். தொடக்கத்தில் கைவினைப் பொருள்களின் காட்சியிடமாக விளங்கிய அம்மண்டபம், அருங்காட்சியகத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி 1951இல் தேசிய ஓவியக்கூடம் ஆயிற்று. ரவி வர்மாவின் ஓவியங்களும் முகலாய, தக்காணச் சிற்றோவியங்களும் அங்கே ஒரே கூரையின்கீழ் இடம்பெற்றன.

மண்டபத்தின் முகப்புக்கு முன்மாதிரி, ஃபதேபூர் சிக்ரியில் அக்பர் தம் குஜராத் வெற்றியின் நினைவாக எழுப்பிய புலந்த் தர்வாஸா. அது அரண்மனை வாயிலன்று. ஜாமிஆ பள்ளிவாசலின் தெற்கு வாயில். இவ்வுலக வாழ்வு நிலையற்றது என்பதை நபி ஈஸா (அலை) அவர்களின் வாக்காக நினைவூட்டும் பாரசீகக் கல்வெட்டு அதில் உண்டு. ஒரு மகாராணியின் புகழ் நிலைக்க வேண்டுமென்று எழுப்பிய மண்டபத்துக்கு, நிலையாமையை உரைக்கும் வாயிலே முன்மாதிரியாக அமைந்தது எண்ணி வியக்கத்தக்கது.

நிலையாமை அம்மண்டபத்தையும் விடவில்லை. கட்டடத்தின் பாதுகாப்புக் குறைவு காரணமாக 2002 முதல் அது பல ஆண்டுகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டுக் கிடந்தது. அக்காலத்தில் வளாகத்துக்கு வந்த எண்ணற்ற பள்ளி மாணவர்கள் அதன் முகப்பை மட்டுமே பார்த்துத் திரும்பினர்.

திண்டுக்கல்லின் வரலாறும் இத்தகையதே. ஹைதர் அலி ஃபவுஜ்தாராக அமர்ந்து, ஃபிரெஞ்சுப் பொறியாளர்களைக் கொண்டு படைக்கலச்சாலை அமைத்த அவ்வூர், 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கும்பினியாரின் வசமாயிற்று. ஆட்சி மாறியது, பேகம்பூரில் பாங்கொலி மாறவில்லை. அங்கே வளைவின்கீழ் இன்றும் மக்கள் தோளோடு தோள் நின்று தொழுகின்றனர்.

எழும்பூர் மண்டபத்தைக் கண்டு பெருமிதம் கொள்வது தவறன்று. நம் முன்னோரின் கலையைப் பகைவரும் தவிர்க்க இயலவில்லை என்பதற்கு அது சான்று. எனினும் ஒரு கட்டடத்தைக் காப்பது கல்லின் உறுதி மட்டுமன்று. அதனுள் நாளும் நுழையும் மனிதர்களே அதன் முதற்காவலர்கள். சென்னைக்குச் சென்று அருங்காட்சியகம் காணும் நம் பிள்ளைகளை, அதற்கு முன் ஒருநாள் பேகம்பூருக்கு அழைத்துச் சென்று, அவ்வளைவுகளின் வரலாற்றை எடுத்துரைப்போமாக. பிறகு அவர்கள் பாந்தியன் சாலையில் நிற்கும்போது, எது மூலம், எது படி என்பதைத் தாமே உணர்வர்.